மாமன் கடையில் ஒரு தட்டு பாஸ்தா

நடந்தது இந்த வரிசையில்:

1. ஒரு சனிக்கிழமை காலையில், தேனியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் இத்தாலிய உணவகத்தில் சின்னமனூர்க்காரர் ஒருவரைச் சந்தித்தேன். எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை. இருவரும் காப்பி மட்டும் குடித்தோம்.

2. அடுத்த வாரம் மதியம், அதே உணவகத்தில் என் அம்மா, அப்பா, அவர், அவருடைய அம்மா எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். எங்கள் பக்கத்தில் சாப்பிட்டது நான் ஒருத்திதான்.

3. நான் சாப்பிட்டு முடித்த பிறகு, அந்தக் கடை அவருடைய தாய்மாமனுடையது என்று தெரிந்தது.

4. பொழுது சாய்வதற்குள், பெண் சம்மதித்துவிட்டாள் என்று சின்னமனூரில் பேச்சாகிவிட்டது.

5. நான் சம்மதம் சொல்லியிருக்கவில்லை.

என் வேலையில் இப்படி எழுதத்தான் பழக்கினார்கள். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளைப் பராமரிக்கும் பொறியாளர் நான். ஒரு காற்றாலை நின்றுபோனால், முதலில் என்ன நடந்தது, அடுத்து என்ன நடந்தது என்று வரிசையாக எழுத வேண்டும். யாருடைய தவறு என்ற பேச்சு அதற்குப் பிறகுதான். இந்த விஷயத்தில் யாருடைய தவறு என்று இப்போதும் என்னால் எழுத முடியவில்லை. வரிசை மட்டும் சரியாக இருக்கிறது.

எங்கள் பக்கத்து வழக்கத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சம்பந்தம் பேசும்போது, முடிவாகும் வரை ஒரு வீட்டார் இன்னொரு வீட்டில் சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டால் கை நனைத்தாகிவிட்டது, பேச்சு முடிந்தது என்று பொருள். காப்பி, கலர், தண்ணீர் கணக்கில் வராது. இலையிலோ தட்டிலோ வைத்ததைத் தின்றால் கணக்கில் வரும். பெண் பார்க்க வந்த இடத்தில், பசியில் கண் இருட்டினாலும், பஜ்ஜித் தட்டை நாசூக்காகத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் அந்த உணவகம். அது சித்திரை மாதம். வீரபாண்டித் திருவிழாவுக்காக அம்மா காப்புக் கட்டி விரதத்தில் இருந்தார். தீச்சட்டி எடுக்கும் வேண்டுதல். விரதம் முடியும் வரை வீட்டில் எந்தப் பேச்சும் வைக்க வேண்டாம் என்றார். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் ஒருமுறை பார்த்துப் பேசிவிடலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"பொதுவா ஒரு எடத்துல வச்சுக்குவோம். யார் வீடும் இல்ல, யாரும் கை நனைச்சதாவும் ஆகாது" என்றார் அம்மா.

நான்தான் அந்தக் கடையைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த இடம்.

தேனியில் பாதிப் பேருக்கு அது பீட்சா கடை. முன்பு ஏலக்காய் மூட்டை போட்டுவைக்கும் கிட்டங்கியாக இருந்த இடம். மழைநாளில் இன்றும் சுவர் லேசாக மணக்கும். விடியற்காலை தளத்துக்குப் போகும் வேன் அந்தத் தெருமுனையில்தான் என்னை ஏற்றிக்கொள்ளும். வேன் வரும் வரை உள்ளே உட்கார்ந்து காப்பியும் ஒரு துண்டு ரொட்டியும் சாப்பிடுவேன். அந்த நேரத்தில் நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்திருக்கும். அடுப்பில் அப்போதுதான் புளிய விறகு வைத்திருப்பார்கள்; புகை கண்ணைக் கரிக்கும். விடுமுறை நாட்களில் மதியம் போவேன். அப்போது அது வேறு கடை. குழந்தைகள் சாஸ் கேட்டு அழும், பெரியவர்கள் ஊறுகாய் கேட்பார்கள், மின்விசிறி சத்தத்தில் யார் பேசுவதும் கேட்காது. சாயங்காலம் திரும்பும்போது அடுப்பு முழுச் சூட்டில் இருக்கும், கோச்சிங் வகுப்பு முடித்த பிள்ளைகள் ஒரு பீட்சாவை ஆறாகப் பங்கு போட்டுக்கொண்டிருப்பார்கள். அடுப்புக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் நிற்பார். நான் பூண்டு கூடுதலாகக் கேட்பேன் என்பது அவருக்குத் தெரியும். தலையை ஆட்டுவார், நானும் ஆட்டுவேன். அவ்வளவுதான் எங்கள் பழக்கம். அவர் முதலாளி என்றுகூட எனக்குத் தெரியாது.

தரகர் அப்பாவிடம், மாப்பிள்ளையின் தாய்மாமன் கம்பத்தில் ஹோட்டல் வைத்திருக்கிறார் என்று சொல்லியிருந்தார். அது பழைய செய்தி. அவர் கம்பத்துக் கடையை விட்டுவிட்டுத் தேனிக்கு வந்தது தரகருக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை மாப்பிள்ளை எனக்கு முன்பே வந்து காத்திருந்தார். சின்னமனூரில் திசு வளர்ப்பு வாழைக்கன்று நாற்றங்கால் நடத்துகிறார். நகக்கண்ணில் மண் இருந்தது, அதை மறைக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. தொப்பிக்காரர் அந்நேரம் வந்திருக்கவில்லை. கடை திறக்கும் அக்காதான் காப்பி கொடுத்தார்.

"நீங்க நெசமாவே மேல ஏறுறீகளா?" என்றார் மாப்பிள்ளை.

"பின்ன? காத்தாடியைக் கீழ எறக்கியா பாக்க முடியும்?"

சிரித்தார். "லிப்ட் இருக்கும்ல?"

"சிலதுல இருக்கு. எங்க பக்கம் ஏணிதான்."

கோபுரத்துக்குள் செங்குத்தாக ஒரு ஏணி போகும். உடம்பில் பட்டை கட்டி, அதைக் கம்பியில் மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். உச்சியில் இயந்திர அறை. காற்றுக்காலம் தொடங்குவதற்கு முன் எல்லாக் கோபுரங்களையும் பார்த்து முடித்துவிட வேண்டும் என்பதால், சித்திரையில்தான் எங்களுக்கு வேலை அதிகம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, கேட்க வந்ததைக் கேட்டேன்.

"கல்யாணத்துக்கப்புறமும் நான் ஏறுவேன். அதுல உங்க வீட்டுக்குச் சம்மதமான்னு தெரியணும்."

அவர் காப்பி டம்ளரைப் பார்த்தார். "அதெல்லாம் பேசிக்கலாம்."

எங்கள் தளத்தில் 'பேசிக்கலாம்' என்று சொல்லும் எதையும் யாரும் பேசுவதில்லை. இருந்தாலும் முதல் சந்திப்பு என்று விட்டுவிட்டேன். வீட்டில், அடுத்த முறை கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வேன் என்றேன். அப்பா சரி என்றார்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மதியம். அன்று காலையில் ஒரு கோபுரத்தில் அவசர வேலை. முடித்து இறங்கி, வேனிலேயே முகம் கழுவி, உடை மாற்றிக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தேன். விடியற்காலையிலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லை. வெளியே வெயில், உள்ளே எல்லா மேசையும் நிறைந்திருந்தது. எங்களுக்கு மட்டும் ஓரத்தில் பெரிய மேசை ஒதுக்கி, மேலே துணி விரித்திருந்தார்கள். மற்ற மேசைகளில் துணி இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அவருடைய அம்மா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"என்னத்தா, கை இப்படிச் செவந்து கெடக்கு?"

"ஏணிக் கம்பிங்க அத்தை. உறை போட்டாலும் கொஞ்சம் செவக்கும்."

"சரி, ஆறிரும். இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான" என்று தட்டிக் கொடுத்தார்.

எதற்கு இன்னும் கொஞ்ச நாள் என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் தட்டு வந்தது. அம்மா விரதம் என்று கும்பிட்டுவிட்டார். அம்மா விரதம் இருந்தால் அப்பாவும் வெளியில் சாப்பிட மாட்டார். திராட்சை ஜூஸ் வாங்கிக்கொண்டார். எனக்கு முன்னால் பாஸ்தா. வடுகபட்டிப் பூண்டு, தக்காளி, மேலே வறுத்த மிளகாய். அவருடைய அம்மா தன் தட்டை முள்கரண்டியால் கிளறினார்.

"எத்தனை தடவை தின்னாலும் எனக்கு இது பெரிய சேமியாதான்."

எல்லோரும் சிரித்தோம். 'எத்தனை தடவை' என்பதை எங்கள் பக்கத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. நான் தட்டைக் காலி செய்தேன்.

அப்போது தொப்பிக்காரர் அடுப்பங்கரையிலிருந்து வெளியே வந்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பூண்டு தூக்கலாப் போட்டேன் தாயி. நீ எப்பவும் அப்படித்தான கேப்ப?"

"எந்தம்பி" என்றார் மாப்பிள்ளையின் அம்மா எங்களைப் பார்த்து. "கம்பத்துக் கடையை விட்டுட்டு இங்கன வந்ததுல இருந்து என்னையத்தான் மறந்துட்டான். இன்னைக்காச்சும் உக்காருடா."

அப்பா ஜூஸ் டம்ளரை வாயிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். சத்தமே வராமல் வைத்தார். அம்மா என் தட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மறைப்பதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை.

தாய்மாமன் என்றால் எங்கள் பக்கத்தில் சாதாரண உறவில்லை. அவர் கையால் சமைத்ததை, அவர் இடத்தில் உட்கார்ந்து, பெண்ணே சாப்பிட்டிருக்கிறாள்.

கிளம்பும்போது அவருடைய அம்மா என் அம்மாவின் தோளைத் தொட்டார். வரும்போது "வாங்கக்கா" என்று கூப்பிட்டவர், "அப்ப வாறோம் மதினி" என்று சம்பந்தி முறை வைத்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் அப்பா சொன்னார்: "கடையைச் சொன்னது நாம. அவுக இல்ல."

"பொதுவான எடம்னு நெனைச்சுத்தான சொன்னோம்" என்றார் அம்மா.

"நாம நெனைச்சது நமக்குத் தெரியும். அவுகளுக்கு எப்படித் தெரியும்? அவுக தம்பி கடையைத் தேடிப் பிடிச்சு, பொண்ணு வீட்டுக்காரகளே வரச் சொல்லியிருக்காக. அதுக்கு என்ன அர்த்தம் எடுப்பாக?"

சாயங்காலம் அனுமந்தன்பட்டியிலிருந்து சித்தி கூப்பிட்டார். செய்தி அதற்குள் அங்கே போயிருந்தது.

"ஏண்டி, கை நனைச்சுட்டியாமுல்ல? எங்க யாருகிட்டயும் சொல்லாம?"

"இல்ல சித்தி. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல."

"முள்ளுக்கரண்டில தின்னியா, கையில தின்னியா?"

"முள்ளுக்கரண்டி."

"அப்பக் கை எங்கன நனைஞ்சுச்சு? அதைச் சொல்லித் தப்பிச்சுக்க" என்று சித்தி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "திருவிழா முடிஞ்சதும் பூ வைக்கிறதுக்கு நாள் பாத்துட்டாகளாம். தெரியுமா உனக்கு?" என்றார்.

எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. போன் வந்திருக்கிறது, அவர் 'சரி, பாப்போம்' என்று சொல்லியிருக்கிறார்.

அன்றைய பேச்சு முழுவதையும் எழுத விருப்பமில்லை. அப்பா கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "பையன் மேல உனக்குக் குறை இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "இப்ப இல்லைன்னா, சோத்தைத் தின்னுட்டு எந்திரிச்சு வந்த மாதிரி ஆகும்மா. நாளைக்கு அவுகளும் தலை நிமிர முடியாது, நாமளும் முடியாது." அம்மா காப்புக் கயிற்றைத் திருகிக்கொண்டே, "நீ வேணாம்னு சொல்லலைல?" என்றார்.

"சரின்னும் சொல்லல."

அந்த இரண்டுக்கும் இடையில் நிற்க எனக்கு ஓர் இடம் இருந்தது. ஒரு தட்டு பாஸ்தாவில் அது போய்விட்டது. அவரைப் பிடிக்கவில்லை என்பதல்ல. நான் கேட்ட கேள்விக்குப் பதில் வராமலே என் பதில் போய்விட்டது.

மறுநாள் அவருக்குச் செய்தி அனுப்பினேன். சாயங்காலம் மாமா கடைக்கு வாருங்கள், தனியாக. வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போனேன். அம்மா கதவுவரை வந்தார். "எதையும் தின்னு தொலைச்சிராத" என்றார்.

கடையில் இன்னும் கூட்டம் சேரவில்லை. தெருவில் காற்று கிளம்பியிருந்தது. வாசல் கதவு தானாக அடித்துக்கொண்டது. அடுப்பின் சிவப்பு எதிர்ச் சுவரில் ஆடியது. தண்ணீர் மட்டும் கேட்டேன். மாமன் தண்ணீரோடு, கேட்காமலேயே, ஒரு தட்டில் பூண்டு ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார்.

"சாப்பிடு தாயி. நம்ம கடை."

கையை மடியில் வைத்துக்கொண்டேன். வெண்ணெய் உருகி ரொட்டியின் ஓரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. பல மாதங்களாக நான் தின்ற அதே ரொட்டி. இப்போது அதைப் பார்க்கவே தயக்கமாக இருந்தது. அவர் சின்னமனூரிலிருந்து பைக்கில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, உட்காரும்போதே ரொட்டிக்குக் கை நீட்டினார்.

"அதைத் தொடாதீக."

கை அப்படியே நின்றது.

"நான் இன்னும் சரின்னு சொல்லல" என்றேன்.

"நேத்துச் சாப்டீகளே."

"பசிச்சுச்சு. சாப்பிட்டேன்."

"கடையை நீங்கதான சொன்னீக? மாமா கடைன்னு தெரிஞ்சுதான் சொல்றீகன்னு நாங்க நெனைச்சோம். அம்மா எம்புட்டுச் சந்தோசப்பட்டாக தெரியுமா? வாய் தெறந்து சொல்லாம எவ்வளவு பதவிசாச் சொல்லியிருக்காக பாருன்னு."

"எங்களுக்குத் தெரியாது. கம்பத்துல இருக்குன்னு தரகர் சொன்னாரு."

அவர் அடுப்புப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. ஏமாற்றம் இருந்தது, அதைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் நான் அதற்காக வரவில்லை.

"உங்க அம்மா என் கையைப் பாத்துட்டு, இன்னும் கொஞ்ச நாளைக்குத்தானன்னு சொன்னாக. அது எங்கன இருந்து வந்துச்சு?"

ஹெல்மெட்டை மேசையில் அரைவட்டம் திருப்பினார். மறுபடி பழைய நிலைக்குத் திருப்பினார்.

"நான்தான் சொன்னேன். கல்யாணத்துக்கப்புறம் நீங்க ஆபீஸ் வேலைக்கு மாறிருவீகன்னு."

"நான் அப்படிச் சொன்னேனா?"

"இல்ல."

"பின்ன?"

"இல்லாட்டி அம்மா மொதல்லயே வேணாம்னுருப்பாக. நீங்க எனக்கு வேணும்னு தோணுச்சு. மத்தது பெறகு பேசிக்கலாம்னு..."

மேலே ஒருவர் கையிலிருந்து ஸ்பேனர் நழுவினால், கீழே இருப்பவர் நிமிர்ந்து பார்க்கக் கூடாது. ஏணியோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். விழ வேண்டியது விழுந்து முடிந்த பிறகு கேட்டேன்.

"உங்களுக்கு? அம்மாவை விடுங்க. நான் ஏறுறதுல உங்களுக்கு என்ன?"

"பயமா இருக்கு." உடனே சொன்னார். "வேணாம்னு சொல்லல. அன்னைக்கு நீங்க சொன்னதுல இருந்து, பைபாஸ்ல போகையில அந்தக் காத்தாடிகளைப் பாத்தாலே வண்டியை ஓரமா நிறுத்திர்றேன். அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதான் பேசிக்கலாம்னுட்டேன்."

அவரிடமிருந்து வந்த முதல் பதில் அதுதான். நான் எதிர்பார்த்த பதில் இல்லை. ஆனால் அது பதில்.

"இதை உங்க அம்மாகிட்டச் சொல்லணும். நான் ஏறுவேங்கிறதையும், நான் இன்னும் சரின்னு சொல்லலைங்கிறதையும்."

"சொல்றேன். மாமாகிட்டச் சொல்லி, அவுகளை விட்டு..."

"அவுக வேணாம். நீங்க சொல்லுங்க. இப்ப."

அவர் எழுந்து போய், அடுப்புப் பக்கத்தில் நின்று போனை எடுத்தார். அங்கே போய் நின்றது மாமனும் கேட்கட்டும் என்றுதான் என்று நினைக்கிறேன். அவர் மெதுவாகத்தான் பேசினார். மறுமுனையில் அவருடைய அம்மா மெதுவாகப் பேசவில்லை.

"ஏலே, அப்ப அந்தப் பிள்ளை எதுக்குடா தின்னுச்சு?"

"பசிச்சுச்சாம்மா."

அவர் "அம்மா... அம்மா" என்று இரண்டு தரம் கூப்பிட்டார். இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

மாமன் மாவுக் கையை மேல்துணியில் துடைத்துக்கொண்டே என் மேசைக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள நான் தயாரானேன். அவர் ரொட்டித் தட்டை எடுத்தார்.

"இதை நான் இங்கன வைக்கவே இல்ல தாயி" என்றார். "நீயும் பாக்கல."

தட்டை உள்ளே கொண்டுபோய்விட்டார். திரும்பி வந்து, தண்ணீர் ஜாடியை மட்டும் நிரப்பி வைத்துவிட்டுப் போனார்.

முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு அப்போதுதான் நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

இப்போது நிலைமை இது. அம்மா தீச்சட்டி எடுத்து முடித்துவிட்டார். பூ வைக்கும் நாள் நின்றுபோயிருக்கிறது. வேறு நாள் குறிக்கப்படவில்லை. மாப்பிள்ளையின் அம்மா ஒருமுறை கூப்பிட்டார். என் அம்மாவை மறுபடியும் 'அக்கா' என்றார், என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அப்பா என்னிடம் பேசுகிறார், அவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. மாப்பிள்ளை ஒரு நாள் தளத்துக்கு வந்தார். நான் ஏறி இறங்கும் வரை கோபுரத்தடியில் நின்றார். இறங்கியதும், பயம் குறையவில்லை என்று சொன்னார். அவருடைய அம்மாவையும் அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன். அவர் கேட்டிருக்கிறார், அவருடைய அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை. காற்றுக்காலம் தொடங்கிவிட்டதால் இனி ஏறும் நாட்கள் குறைவு. காலையில் வேன் வரும் வரை அந்தக் கடையில்தான் காத்திருக்கிறேன். காப்பி மட்டும் குடிக்கிறேன். நானும் இன்னும் பதில் சொல்லவில்லை.